சுப்பையாவின் எட்டுப் புள்ளிகள்

1. கை கறுத்த நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் விரல்கள் கறுத்துப் போயின. காரணம் சில்வர் நைட்ரேட். கையில் பட்டபோது வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வெயிலில் வீட்டுக்கு நடக்க நடக்கப் பழுப்பாகி, வீடு போய்ச் சேர்வதற்குள் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், புளி தேய்த்தேன். தோல் உரிந்தால்தான் போகும் என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார். முந்தின நாளே கையுறை போடச் சொன்னதையும் கூடவே ஞாபகப்படுத்தினார்.

எண்பதுகளின் கடைசி அது. நான் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, வாங்கிய பட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அதற்குப் பின்னால் இருந்த பழைய பஞ்சு குடோனில் பாதியை மறித்து டாக்டரம்மா ஒரு குரோமோசோம் லேப் வைத்திருந்தார். வெளியூரில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, சொந்தச் செலவில் ஆரம்பித்தது. அங்கே என்ன நடக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "ரத்தத்த அடைகாக்குற எடம்" என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ரத்தத்தை மீடியம் என்கிற சத்துத் திரவத்தில் கலந்து, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் மூன்று நாள் வைப்போம். வெள்ளணுக்கள் பெருக ஆரம்பிக்கும். பெருகுகிற நேரம் பார்த்து கோல்சிசின் விட்டு அப்படியே நிறுத்துவோம். கண்வலிக்கிழங்கில் இருக்கிற விஷம்தான் கோல்சிசின். பிறகு செல்களை ஊத வைத்து, மெத்தனாலில் பதப்படுத்தி, குளிர்ந்த ஸ்லைடில் உயரத்திலிருந்து சொட்டுவோம். செல் உடைந்து உள்ளே இருக்கிற நாற்பத்தாறு குரோமோசோமும் பரவிக் கிடக்கும். நன்றாகப் பரவியிருந்தால் டாக்டரம்மா "பாகுந்தி" என்பார். அவர் வீட்டில் தெலுங்கு. சந்தோஷம் வந்தால் மட்டும் வாயில் தெலுங்கு வரும், கோபத்துக்குத் தமிழ்தான்.

இப்போது லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் திரையில் குரோமோசோம்கள் தானாக வரிசையில் நிற்கின்றன. எங்களுக்குக் கத்தரிக்கோலும் கோந்தும்தான். மைக்ராஸ்கோப்பில் போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்கிற வேலை என்பதால் நர்சுகள் என்னைத் தரகர் என்றே கூப்பிட்டார்கள்.

இதில் வெள்ளிச் சாயம் எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். நம் உடம்பில் புரதம் எல்லாம் தயாராவது ரைபோசோம் என்கிற பட்டறையில். அந்தப் பட்டறைக்கு முதுகெலும்பு ஒரு ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏ.வைச் செய்கிற ஜீன்கள் மனிதனுக்கு ஒன்று இரண்டு இல்லை. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஐந்து ஜோடிக் குரோமோசோம்களில், குட்டைக் கை என்கிற சின்னப் பக்கத்தில், பத்து இடத்தில், ஒரே ஜீன் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப இருக்கிறது. மொத்தம் சில நூறு இருக்கும். சில்வர் நைட்ரேட் போட்டுச் சூடு காட்டினால் குரோமோசோம் முழுக்க மஞ்சளாகி, இந்த இடங்கள் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

எல்லா செல்லிலும் பத்தும் கறுக்காது. அதற்கு முன்னால் எந்த இடம் வேலை பார்த்ததோ அது மட்டும்தான் கறுக்கும், சும்மா இருந்த இடத்தில் வெள்ளி ஒட்டாது. இவ்வளவு நியாயமான சூப்பர்வைசரை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை. முதல் தடவை அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது கறுத்த விரலை மறந்துவிட்டேன். இல்லாமல் முடியாத வேலையை ஒரே இடத்தில் நம்பி ஒப்படைக்காமல் பத்து இடத்தில் பிரித்து வைத்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை.

2. கோமதிநாயகம் அண்ணாச்சியின் பென்சில்

லேப்பில் டார்க் ரூம் கிடையாது. பிலிமை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவேன். தேரடிப் பக்கம் ஒரு சந்தில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் ஸ்டூடியோ. ராஜபாளையத்தில் ஸ்டூடியோ இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. ஆனால் இவ்வளவு சின்னப் பொருளை மங்காமல் பெரிதாக்கித் தர அண்ணாச்சியை விட்டால் ஆளில்லை என்று டாக்டரம்மா நாலு கடை ஏறி இறங்கிக் கண்டுபிடித்திருந்தார்.

அண்ணாச்சியின் பெருமை டச்சப். பெண் பார்க்க அனுப்புகிற படம், கல்யாணப் படம் எல்லாம் அவரிடம் வரும். நெகடிவில் ஒரு மருந்தைத் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் லென்ஸ் வைத்துப் பார்த்துத் தொடுவார். முகப்பரு போகும், அம்மைத் தழும்பு போகும், தூக்கமில்லாத மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் போகும். "நான் தொட்டு அனுப்புன படத்துக்கு இதுவரைக்கும் பொண்ணு வேண்டாம்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்பார். பெண்ணை நேரில் பார்த்தபின் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தடவை பிரிண்டில் நிறையத் தூசி விழுந்திருந்தது. டாக்டரம்மா தமிழில் பேசினார். அண்ணாச்சியிடம் போய் அதை நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். குறைத்ததே அவர் மனதில் முள்ளாய்த் தைத்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

3. முத்துலட்சுமி கேட்டது

சுப்பையா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர். அதாவது ரிங் பிரேம் என்கிற நூற்கும் மிஷினில் நூல் அறுந்தால் ஓடி ஓடி இணைக்கிற வேலை. அவர் மனைவி முத்துலட்சுமிக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. கரு நிற்கும், மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துவிடும். மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது.

வழக்கமாக இப்படி வருகிற பெண்கள் அழுவார்கள். முத்துலட்சுமி அழவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"என் ரத்தத்துலதான் குறைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கம்மா. அது போதும்."

எதற்கு என்று டாக்டரம்மா கேட்டார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் வள்ளி, பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளைச் சுப்பையாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டி வைப்பது என்று முத்துலட்சுமியே முடிவு செய்து, இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சம்மதம் வாங்கிவிட்டாள். ஆவணி பிறந்ததும் பூ வைத்து நிச்சயம் பண்ண நாள் குறித்தாயிற்று. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் தன்னைத் துரத்திவிடுவாள், தங்கை என்றால் மூலையில் இருக்கவாவது விடுவாள் என்பது அவள் கணக்கு. சட்டப்படி அது குற்றம் என்று அம்மா சொன்னார். "சட்டம் எங்க தெருவுக்குள்ள வராதும்மா" என்றாள்.

சம்மதிக்காத ஒரே ஆள் சுப்பையா. குறை முத்துலட்சுமியிடம்தான் என்று டாக்டர் வாயால் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி பிடிகொடுக்காமல் இருந்தார். அதற்குத்தான் இந்தப் பேப்பர். வள்ளியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேர் ரத்தமும் வேண்டும் என்று அம்மா சொன்னார். எங்கள் லேப்பில் இது பெரிய தலைவலி. புருஷன்மார்கள் ரத்தம் கொடுக்க மாட்டார்கள். எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன் என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுப்பையா பேசாமல் சட்டைக் கையை மடக்கி நீட்டினார். முடிக்குள்ளும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்.

முத்துலட்சுமிக்கு நாற்பத்தாறு. ஒரு பிசகும் இல்லை. சுப்பையாவின் ஸ்லைடை எண்ணினேன். நாற்பத்தைந்து. இன்னொரு செல்லை எண்ணினேன். நாற்பத்தைந்து.

டாக்டரம்மா வந்து பார்த்தார். பதினான்கில் ஒன்றும் இருபத்தொன்றில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே குரோமோசோமாக இருக்கிற மாதிரித் தெரிந்தது. அப்படி ஒட்டும்போது இரண்டின் குட்டைக் கைகளும் கழன்று தொலைந்துபோகும். ஆள் நன்றாகவே இருப்பார். பிள்ளைக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் சில சமயம் கூடக் குறையப் போய்க் கரு கலையும். ஆனால் அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் எது எந்தக் குரோமோசோம் என்று அடையாளம் காட்டுகிற பட்டைச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மங்கல் ஸ்லைடை வைத்துச் சொல்லக்கூடாது என்றார் அம்மா. வெள்ளிச் சாயம் போடு, ஒட்டின குரோமோசோமில் புள்ளி இல்லாமல் மற்ற எட்டில் மட்டும் இருந்தால் சந்தேகமில்லை என்றார்.

போட்டேன். ஒரு நல்ல செல் கிடைத்தது. அவசரமாகப் போட்டோ எடுத்தேன். அடுத்த செல்லைத் தேடும்போது மைக்ராஸ்கோப்பின் பல்பு போய்விட்டது. எங்களுடையது கண்ணாடி வைத்த பழைய மாடல் இல்லை. பல்பு இல்லாவிட்டால் அது மேஜை மேல் வைத்த இரும்பு. புது பல்பு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். ஆவணி பிறக்க நாலே நாள் இருந்தது.

4. படத்தின்படி செத்துப்போன ஆள்

பிலிமை அண்ணாச்சியிடம் கொடுத்து, பிரிண்டைப் பஸ் கண்டக்டர் கையில் அனுப்பச் சொல்லி வாங்கினோம். பிரித்துப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சுத்தமான படம் எங்கள் லேப்பில் அதுவரை வந்ததில்லை. நாற்பத்தைந்து குரோமோசோமும் பளிச்சென்று இருந்தன. ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

ரைபோசோம் ஜீன் ஒரு இடத்திலும் வேலை செய்யாத செல் உயிரோடு இருக்க முடியாது. பெருகவும் முடியாது. சுப்பையாவோ அன்றைக்கு ரிசல்ட் கேட்க வந்து, ஆஸ்பத்திரி வாசலில் முத்துலட்சுமியோடு உட்கார்ந்து டீயில் பன்னை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தின்படி வெளியே டீ குடிக்கிற ஆள் செத்துப் போயிருக்கணும்" என்றார் அம்மா. அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஸ்லைடை மறுபடி பார்க்க பல்பு இல்லை. நான் ஒருத்தி கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதை வைத்து அம்மா எழுதமாட்டார், எழுதவும் கூடாது. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, நெகடிவைப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

அண்ணாச்சி என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார். படம் எப்படி என்று அவரே கேட்டார்.

"போன தடவ தூசி தூசியா இருக்குன்னு அம்மா வஞ்சாகள்லா. இந்தத் தடவ பாரு தாயி, எம்புட்டுக் கறுப்பு! ஒவ்வொரு குச்சி தலையிலயும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு நாளு உக்காந்து அம்புட்டையும் எடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. உலகத்தில் யார் கண்ணுக்கும் படாத அளவு சின்னப் புள்ளிகளை, குரோமோசோமில் ஒரு கீறல்கூட விழாமல், ஒன்று விடாமல் தேடி அழித்திருக்கிறார். இப்படி ஒரு கண்ணும் கையும் யாருக்கு வாய்க்கும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான், ஆனால் குரங்கு அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது.

அது தூசி இல்லை என்று சொன்னேன். உடம்புக்குப் புரதம் செய்கிற பட்டறையே அந்தப் புள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, அது இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று சொன்னேன். வள்ளிக்குப் பூ வைக்கப் போவதையும் சொன்னேன். அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்தார்.

"இத்துனூண்டுலயா உசுரு இருக்கு? அதப் போயி அழிச்சிட்டேனே."

பிறகு பஞ்சில் டர்பன்டைன் நனைத்து நெகடிவை ஒற்றி ஒற்றித் துடைத்தார். அவர் தொட்டதெல்லாம் மருந்துப் பூச்சின் மேல் வைத்த பென்சில்தானே, பூச்சோடு சேர்ந்து வந்துவிட்டது. என்னையும் டார்க் ரூமுக்குள் கூப்பிட்டார். சிவப்பு வெளிச்சத்தில் காகிதத்தை டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டினார். முதலில் வெறும் வெள்ளைக் காகிதம். பிறகு கறுப்புப் புள்ளி ஒன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்து, கூடவே குரோமோசோம்கள் சாம்பலாக எழுந்தன. அண்ணாச்சி வாய்விட்டு எண்ணினார். எட்டில் நின்றது. நீளமாக ஒட்டிக் கிடந்த அந்த ஒரு குரோமோசோமில் ஒன்றும் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹைப்போ மருந்தின் நெடி என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

5. நின்ற இரண்டு பிரேம்

ஈரம் காயாத படத்தோடு ராஜபாளையம் வந்து இறங்கினேன். அவர்கள் இரண்டு பேரும் எழுந்து போகாமல் அதே இடத்தில் இருந்தார்கள். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு "பாகுந்தி" என்றார்.

முதலில் சுப்பையாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். விஷயம் உங்களைப் பற்றியது, தனியாகச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவளை வச்சுக்கிட்டே சொல்லுங்க என்றார் அவர்.

அம்மா படத்தை மேஜையில் விரித்து இரண்டு பேருக்கும் விளக்கினார். ஒன்று குறைகிறது என்றதும் சுப்பையாவின் முகம் சுண்டிவிட்டது. குறையவில்லை, இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றார் அம்மா. போனது ஓரத்துத் துண்டுதான், அதில் இருக்கிற ஜீன் வேறு எட்டு இடத்திலும் இருக்கிறது, உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றார். இன்னும் சில கரு கலையலாம், அபூர்வமாகக் குறையுள்ள பிள்ளையும் பிறக்கலாம், ஆனால் நல்ல பிள்ளை பிறக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். யாரைக் கட்டினாலும் இது மாறாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

குறை தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் முத்துலட்சுமி நிமிர்ந்து உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுதுன்னே எழுதிருங்கம்மா. வெளிய தெரிஞ்சா இவியள நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. எனக்குன்னா பழகிப்போச்சு."

சுப்பையா அந்த எட்டுப் புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க டிப்பார்ட்மென்ட்ல பத்து பிரேம் ஓடுது. ரெண்டு நின்னா சூப்பர்வைசர் கத்துவான். நூலு வராமப் போயிருதா? இதுக்குப் போயி நீ ஏன் பொய் சொல்லணும்?"

படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பூ வைக்கிற நாளன்று சுந்தரபாண்டியத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடியிருந்த இடத்தில், தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேலே அந்தப் படத்தை வைத்திருக்கிறார். குறை என்று ஒன்று இருந்தால் அது என்னிடம் இருக்கிறது, இந்தப் பிள்ளையைக் கட்டினாலும் இதே கதைதான், முத்துவை இனி யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறார். மீசையை முறுக்கி வீரம் பேசுகிறவர்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். என் இத்தனை வருஷ சர்வீஸில் இதைச் சபையில் சொன்ன ஆண்பிள்ளையை நான் இவர் ஒருவரைத்தான் அறிவேன்.

அவர்களுக்குப் பிறகு ஒரு கரு கலைந்தது. அதற்கடுத்தது நின்றது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது, நல்ல குரல். வார்டு கடைசி வரைக்கும் கேட்டது.

6. பல்பு வந்த பிறகு

நான் சொல்ல வந்தது குழந்தையோடு முடியவில்லை. குழந்தை பிறப்பதற்கு வெகு முன்னால், புது பல்பு வந்து மாட்டியிருந்த ஒரு மத்தியானம், லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பாவாடை தாவணி, கையில் ஒரு துணிப்பை. கிருஷ்ணன்கோவிலில் டைப்பிங் கிளாசில் சேர்ந்திருப்பதாகவும், இன்றைக்கு கிளாசுக்குப் போகாமல் இங்கே வந்ததாகவும் சொன்னாள். வள்ளி.

"அக்கா, மச்சான் அன்னைக்குக் கொண்டாந்த படத்த நான் தூரத்துல இருந்துதான் பாத்தேன். கிட்டக்க விடல. அந்தப் புள்ளிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

சுப்பையாவின் ஸ்லைடை எடுத்து எண்ணெய் விட்டு போகஸ் செய்து கொடுத்தேன். கண் வைக்கத் தெரியாமல் முதலில் தன் இமை முடியையே பார்த்தாள். பிறகு பிடிபட்டுவிட்டது. அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து தாவணியைச் சரி செய்துகொண்டாள்.

"ரொம்பச் சின்னதாத்தான் இருக்கு" என்றாள். "என் விஷயத்துல எல்லாரும் எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டாக. இது மட்டுந்தான் மாட்டேன்னு சொல்லிருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப் போய்விட்டாள்.

லேப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஸ்லைடில் ஒரு கறுப்பு தெரிந்தால் தூசி என்று துடைத்துவிடாதீர்கள். அது யாருக்கு வேண்டிய புள்ளி என்று முதலில் விசாரியுங்கள்.